வெள்ளத்தைத் திருப்பி அனுப்பிய பெருச்சாளி

மத்தளம் என்று ஒரு பெருச்சாளி இருந்தது. அது ஒரு பழைய கோட்டை ஊரில், தெருக்களுக்கு அடியில், செங்கல் சுருங்கைக்குள் குடியிருந்தது.

சுருங்கை என்றால் பூமிக்குள் ஓடும் மழைத்தண்ணீர் வாய்க்கால். எந்த ராஜா கட்டினாரோ, யாருக்கும் தெரியாது. செங்கல்லை வில் மாதிரி வளைத்து அடுக்கி, சுண்ணாம்பு பூசி, ஒரு ஆள் குனிந்து நடக்கிற உயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். கடைத்தெருவில் பெய்கிற மழையெல்லாம் மேல் வாசலில் இருந்த இரும்புக் கம்பிகளுக்கு நடுவே இறங்கும். நாலு தெருவுக்கு அடியில் ஓடி, கீழ்க்கோடியில் கோட்டை அகழியில் போய் விழும்.

ஆனால் மழை வருஷத்தில் கொஞ்ச நாள்தானே? மற்ற நாளெல்லாம் சுருங்கை காய்ந்து கிடக்கும். சுவரில் அங்கங்கே செங்கல் பெயர்ந்து மாடம் மாடமாக இருந்தது. அந்த மாடங்களில் எலி, மூஞ்சூறு, நண்டு, பூரான், தவளை என்று ஒரு ஊரே குடியிருந்தது. மேலூரில் சிந்துவதைக் கீழூரில் தின்றார்கள். யாருக்கும் யாரோடும் சண்டையில்லை.

கீழூருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி பிறக்கிற சமயத்தில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறும். எறும்பு ஏறினால் எல்லோரும் ஏறிவிட வேண்டும். மேல் வாசலுக்குப் பக்கத்தில் செங்கல் பிளந்து ஒரு சந்து இருந்தது. அதன் வழியாக வெளியேறிக் கோட்டை மேட்டுக்குப் போய், இடிந்த சுவருக்குள் புகுந்துகொள்வார்கள். கார்த்திகை கழிந்து தண்ணீர் வடிந்ததும் திரும்பி வருவார்கள். இதற்கு மேடேறுவது என்று பெயர். தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து நடக்கிற காரியம்.

இதில் மண்ணை அள்ளிப் போட்டதுதான் நம்ம மத்தளம்.

வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு மேலூர்க் கடைகளில் பொரியும் கடலையும் இறைந்து கிடந்தன. மத்தளம் தின்றது. தின்றது என்றால் சாதாரணமாக இல்லை, வயிறு தரையில் தட்டுகிற மட்டும் தின்றது. எறும்பு ஏறிய அன்று அதன் பெண்டாட்டி கோமளி வந்து காதைக் கடித்து எழுப்பியது.

"ஏங்க! எல்லாரும் மேடேறுறாங்க! எந்திரிங்க!"

"நீ முன்னால போ, இதோ வந்துட்டேன்," என்று மத்தளம் திரும்பிப் படுத்தது.

மறுநாள் எழுந்தது. சுருங்கையில் ஒரு ஈ காக்கை இல்லை. மழையும் இல்லை. பொரி மட்டும் நிறைய மிச்சம் இருந்தது. 'நாளைக்குப் போகலாம்' என்று நினைத்தது. மறுநாளும் அப்படியே நினைத்தது. பொரி தீருவதற்குள் கார்த்திகை தீர்ந்துவிட்டது. அந்த வருஷம் ஊரில் மழையே பொய்த்துவிட்டது.

கீழூரார் திரும்பி வந்தார்கள். உள்ளே மத்தளம் மல்லாந்து கிடந்தது. அதன் மேல் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"ஐயா! நீங்க மேடேறலையா? தண்ணி வரலையா?" என்று கேட்டது டமாரம். டமாரம் ஒரு தவளை. கீழூரில் எந்தச் செய்தியையும் முதலில் கத்துவது அதுதான்.

தூங்கிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை! ஆனால் ஊரே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை பேர் பார்க்கும்போது தூங்கினேன் என்று சொல்ல மத்தளத்துக்கு வெட்கமாக இருந்தது.

"வந்தது," என்றது மத்தளம். "திருப்பி அனுப்பிட்டேன்."

"திருப்பி அனுப்பிட்டீங்களா! எப்படி?"

"மேல் வாசல்ல நின்னு, போன்னேன். போயிடுச்சு."

கோமளி தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தது. வயிற்றைப் பார்த்தது. மூலையில் கிடந்த பொரி உமியைப் பார்த்தது.

அடுத்த வருஷம் எறும்பு ஏறியபோது ஊரார் ஏறவில்லை. "வெள்ளத்தை விரட்டுறவர் இருக்கும்போது நமக்கென்ன பயம்?" என்று இருந்துவிட்டார்கள். மத்தளத்துக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. ஆனாலும் மேல் வாசலுக்குப் போய் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த வருஷமும் மழை ஏமாற்றியது. லேசாகத் தூறி, தரையை நனைத்துவிட்டுப் போய்விட்டது.

"பாத்தீங்களா! ஐயாவைப் பாத்துத் தண்ணி பம்மிப் பம்மி வந்துட்டுப் போகுது!" என்று டமாரம் கத்தியது.

அன்றிலிருந்து மத்தளத்துக்கு வெள்ளம்விரட்டியார் என்று பட்டம். யார் எதைக் கொண்டுவந்தாலும் முதல் கடி அவருக்குத்தான். வடை வந்தால் முதல் கடி. கருவாடு வந்தால் முதல் கடி. மத்தளம் இன்னும் பருத்தது. தன் மாடத்துக்குள் நுழைய மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சில சமயம் தனியாக இருக்கும்போது அது தன் வயிற்றைப் பார்த்துப் பேசிக்கொள்ளும். "ஏண்டா மத்தளம், அரசமரத்தடிப் பிள்ளையாரைச் சுமந்தது உன் வம்சம். நீ ஒரு பொய்யைச் சுமக்கிறதுக்கே இந்த மூச்சு வாங்குறியே!"

ஆனால் வெளியே வந்து யாராவது கும்பிட்டால், முன்னங்காலைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணிவிடும். பழக்கமாகிவிட்டது.

மூன்றாவது வருஷம் ஐப்பசி வந்தது. இந்தத் தடவை காற்றின் வாசனையே வேறு. எறும்புகள் வரிசையாகப் போகவில்லை. அலறி அடித்துக்கொண்டு போயின.

கீழ்க்கோடி மாடத்தில், அகழிக்குப் பக்கத்தில், சிட்டிகை என்று ஒரு மூஞ்சூறு குடியிருந்தது. அது கொஞ்ச நாளைக்கு முன்னால் குட்டி போட்டிருந்தது. குட்டிகளுக்கு அப்போதுதான் கண் திறந்திருந்தது. சிட்டிகை நாலு தெரு தூரம் நடந்து மத்தளத்தின் மாடத்துக்கு வந்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. நான் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மேடேறிடட்டுமா? எனக்கென்னவோ மனசு சரியில்ல."

மத்தளத்துக்கும் மனசு சரியில்லை. 'போ தாயே, இப்பவே போ' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் பக்கத்தில் இருந்த டமாரம் துள்ளியது.

"என்ன சிட்டிகை! ஐயா இருக்கும்போது மேடேறுவியா? அப்போ ஐயா மேல உனக்கு நம்பிக்கை இல்ல!"

சுற்றி நின்ற எலிகள் 'ச்சூ ச்சூ' என்றன. எல்லோரும் மத்தளத்தைப் பார்த்தார்கள்.

"நீ போனா ஊரு என்னம்மா பேசும்?" என்றது மத்தளம். "இரு. நான் பாத்துக்கறேன்."

சிட்டிகை தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனது.

அன்று யாரோ ஒரு மசால்வடையை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தார்கள். மத்தளம் ஒரு கடி கடித்தது. மீதியைத் தள்ளி வைத்தது. மூஞ்சூறு தலையைக் குனிந்துகொண்டு போனதே கண்முன் நின்றது. அதுவரை சொன்ன பொய்களால் யாருக்கும் ஒரு மயிர் நனையவில்லை. இன்று சொன்ன பொய்யில் பச்சைக் குட்டிகள் இருந்தன. மத்தளத்துக்கு உள்ளபடியே பயமாகவும் அசிங்கமாகவும் இருந்தது.

"கோமளி, மழை வருமா?"

"வரும்."

"நான் நிறுத்திடுவேனா?"

"போன தடவை எப்படி நிறுத்தினீங்களோ, அப்படி நிறுத்துங்க," என்று கோமளி கருவாட்டைக் கொறித்தது.

மறுநாள் மத்தியானம் வானம் கறுத்தது. கம்பிகளின் வழியாக விழுந்த வெளிச்சம் அணைந்துபோனது. முதல் இடி இடித்ததும் செங்கல் வளைவில் இருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. கடைத்தெருப் பக்கமிருந்து ஒரு சின்ன ஓடைத் தண்ணீர், குப்பையைத் தள்ளிக்கொண்டு, மேல் வாசலில் எட்டிப் பார்த்தது.

யாரும் இல்லாத சமயம் பார்த்து மத்தளம் அதன் முன்னால் போய் நின்றது. முன்னங்காலைத் தூக்கியது. ஒருவேளை, யார் கண்டது, உண்மையாகவே நமக்கு ஏதாவது சக்தி இருந்தால்?

"போ!" என்றது.

தண்ணீர் அதன் கால்களுக்கு நடுவே புகுந்து, வயிற்றை நனைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய்விட்டது. தண்ணீருக்குக் காது கிடையாது என்பது மத்தளத்துக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது.

அது ஊரைக் கூட்டியது.

"எல்லாரும் கேளுங்க! உடனே மேடேறுங்க! எனக்கு வெள்ளத்தை நிறுத்தத் தெரியாது!"

ஒரு கிழ நண்டு கண் கலங்கியது. "என்ன அடக்கம்! என்ன அடக்கம்!"

"அடக்கம் இல்ல! நிஜமாவே தெரியாது!"

"பெரியவங்க என்னைக்குத் தெரியும்னு சொல்லியிருக்காங்க?" என்றது ஒரு எலி.

மத்தளத்துக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, சொல்றதைக் கேளுங்க! அந்த முதல் வருஷம் நான் ஒண்ணுமே பண்ணல. பொரியைத் தின்னுட்டுத் தூங்கிட்டேன்! அவ்வளவுதான்! தூங்கிட்டேன்!"

டமாரம் சுவர் மேல் தாவி ஏறி, தொண்டையை ஊதிக்கொண்டு கத்தியது. "கேட்டீங்களா, கேட்டீங்களா! நம்ம ஐயா தூங்கிக்கிட்டே வெள்ளத்தை நிறுத்தியிருக்காரு! முழிச்சிருந்தா என்ன பண்ணுவாரு!"

"வெள்ளம்விரட்டியாருக்கு ஜே!" என்றது ஊர்.

'பேஷ், மத்தளம், பேஷ்!' என்று மத்தளம் தனக்குள் சொல்லிக்கொண்டது. 'ஒரு பொய்யை இவ்வளவு நேர்த்தியாகச் சொல்ல உன்னைத் தவிர எவனாலும் முடியாது. உண்மையை நீயே வந்து சொன்னாலும் உன் பொய்யை அசைக்க முடியவில்லை!'

அதற்குள் தண்ணீர் தரை முழுக்கப் பரவிவிட்டது. சந்து பக்கத்திலேயே இருந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துத் தாவினால் வெளியே போய்விடலாம். மத்தளம் சந்தைப் பார்த்தது. பிறகு இருட்டாக நீண்டு கிடந்த சுருங்கையைப் பார்த்தது. அதன் கடைசியில் சிட்டிகையின் மாடம் இருந்தது.

மத்தளத்துக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை என்று பெரிதாகச் சொல்ல வேண்டாம். அது எப்போதும் உள்ளுக்குள் என்ன செய்துகொண்டிருந்ததோ, அதை இப்போது வெளியே செய்யத் தீர்மானித்தது. அவ்வளவுதான்.

"ஐயோ! அம்மா! தண்ணி! தண்ணி வருது! செத்தேன்!"

இப்படி அலறிக்கொண்டு மத்தளம் ஓட ஆரம்பித்தது. அலறலில் பாதிக்கு மேல் நடிப்பே இல்லை. வால் ஒரு பக்கம் ஆட, வயிறு ஒரு பக்கம் ஆட, சுவரில் முட்டி, நண்டின் மேல் விழுந்து, எழுந்து ஓடியது. ஒவ்வொரு மாடத்தின் முன்னாலும் நின்று ஒரு கூச்சல் போட்டது. ஒரு மாடத்தின் முன்னால் பயத்தில் நின்ற இடத்திலேயே நனைத்துவிட்டது. நல்லவேளை, ஏற்கெனவே தண்ணீர் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கீழூரார் பார்த்தார்கள். வெள்ளத்தையே விரட்டுகிறவர் வெள்ளத்தைக் கண்டு வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறார்! அப்போதுதான் அவர்கள் காலடியில் இருந்த தண்ணீரைக் குனிந்து பார்த்தார்கள். இத்தனை நேரம் சொன்னதை நம்பாத ஊர், இப்போது அந்த ஓட்டத்தை நம்பியது.

"ஐயையோ! ஓடுங்கடா!"

எலிகள் பாய்ந்தன. பூரான்கள் சுவரில் ஏறின. நண்டுகள் குறுக்கே குறுக்கே ஓடின. எல்லாம் சந்தைப் பார்த்து மேலே ஓட, மத்தளம் மட்டும் எதிர்ப்பக்கமாகக் கீழே ஓடியது.

"பயத்துல திக்கே தெரியாம ஓடுது பாரு!" என்று ஒரு எலி ஓடிக்கொண்டே சிரித்தது.

கீழ்க்கோடியில் அகழித் தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கியிருந்தது. சிட்டிகை தன் மாடத்தில் குட்டிகளை அணைத்துக்கொண்டு நடுங்கியது.

"என்ன உக்காந்திருக்கே! ஓடு!" என்று கத்தியது மத்தளம்.

"நீங்கதானே அண்ணே இருக்கச் சொன்னீங்க!"

"நான் சொன்னா? நான் ஒரு முட்டாப்பய! நான் சொன்னதையெல்லாம் கேப்பியா? ஓடு!"

சிட்டிகை ஓடியது. மூஞ்சூறுக் குட்டிகள் போகும் முறை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. முதல் குட்டி தாயின் பின்புறத்தைக் கவ்விக்கொள்ளும். அடுத்தது அதன் பின்புறத்தைக் கவ்விக்கொள்ளும். இப்படி ஒரு ரயில்வண்டி மாதிரி போகும். ஆனால் அன்று ஓடிய அவசரத்தில், தண்ணீர் இழுத்த வேகத்தில், வண்டி நடுவில் அறுந்துவிட்டது. முன்பாதி தாயோடு போய்விட்டது. பின்பாதி மாடத்தின் விளிம்பில் நின்று கீச்சுக் கீச்சென்று கத்தியது.

மத்தளம் திரும்பி நின்று தன் வாலை அவற்றின் மூக்குக்கு நேராக நீட்டியது.

"கடிங்கடா! நல்லாக் கடிங்க!"

நல்லாவே கடித்தன. மத்தளம் உண்மையான வலியோடு, இன்னும் உரக்க அலறிக்கொண்டு, மேலே பார்த்து ஓடியது. தண்ணீர் எதிரே வந்து மோதியது. கால் எட்டவில்லை. ஆனால் ஊரார் ஊட்டி வளர்த்த அந்த வயிறு அன்று ஒரு காரியத்துக்கு உதவியது. அது மிதந்தது! மத்தளம் ஒரு குடம் மாதிரி மிதந்துகொண்டே சுவரைப் பிறாண்டிப் பிறாண்டி ஏறியது.

சந்துக்கு வந்தது. தலை நுழைந்தது. தோள் நுழைந்தது. வயிறு நுழையவில்லை.

ஒரு வருஷத்து முதல் கடிகளெல்லாம் செங்கல்லுக்கு நடுவே வசமாக மாட்டிக்கொண்டன. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வாலில் குட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. 'இதுதான் உனக்குச் சரியான சாவு,' என்று மத்தளம் நினைத்தது. 'வடை தின்று செத்த முதல் வெள்ளம்விரட்டி!' ஆனால் குட்டிகள் என்ன பாவம் செய்தன?

"ஏறுங்கடா! என் முதுகு மேல ஏறிப் போங்க! மூஞ்சியை மிதிச்சாலும் பரவாயில்ல!"

மத்தளம் மூச்சை எல்லாம் வெளியே விட்டு, வயிற்றைச் சுருக்கி, முதுகுப்பக்கம் ஒரு விரல் இடம் உண்டாக்கியது. குட்டிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து, அதன் தலையை மிதித்து, கண்ணில் கால் வைத்து வெளியே குதித்தன. வெளியே நின்ற சிட்டிகை அவற்றை ஓடி வந்து கவ்விக்கொண்டது.

அதற்கப்புறம்தான் ஊரார் மத்தளத்தின் காதைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, தேர் இழுப்பது மாதிரி இழுத்தார்கள். பாட்டிலிலிருந்து தக்கை வருவதுபோல 'டப்' என்று மத்தளம் வெளியே வந்து விழுந்தது. அடுத்த நிமிஷம் சந்து முழுக்கத் தண்ணீர் சீறியது.

கோட்டை மேட்டில் இடிந்த சுவருக்குள் எல்லோரும் ஒண்டிக்கொண்டார்கள். உயிர் தங்கியது என்று தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு சிரிப்பு!

"வெள்ளம்விரட்டியாம்! வெள்ளம் இல்ல விரட்டுச்சு!"

"பயத்துல கீழ ஓடிச்சே, அதைப் பாத்தியா? சந்து மூக்குக்கு முன்னால இருக்கு!"

"சந்துல மாட்டின மூஞ்சியைக் குட்டிங்ககூட மிதிச்சுட்டுப் போச்சு!"

நண்டு, எலி, பூரான் எல்லோரும் மத்தளம் மாதிரியே ஓடிக் காட்டினார்கள். மத்தளம் நனைந்த கோணி மாதிரி ஒரு மூலையில் கிடந்தது. முதலில் காது கூசியது. பிறகு யோசித்துப் பார்த்தது. வயிற்றை ஆட்டிக்கொண்டு ஓடியது, அம்மா என்று அலறியது, சந்தில் மாட்டியது. நினைக்க நினைக்க அதற்கே சிரிப்பு வந்தது.

"டேய், நான் அலறினது அப்படி இல்லடா," என்று எழுந்து வந்தது. "கீச்சுக் குரல்ல 'அம்மா'ன்னேன். இப்படி!"

ஊர் உருண்டு உருண்டு சிரித்தது. மத்தளத்துக்கு நெஞ்சில் இருந்த பெரிய கல் ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது.

கூட்டம் அடங்கியதும் கோமளி பக்கத்தில் வந்து அதன் வாலை நக்கியது. வாலில் பொடிப் பொடியாகப் பல் தடம்.

"ஏங்க, சந்து நம்ம வீட்டு வாசல்லயே இருந்துச்சு. நீங்க எதுக்குக் கீழ்க்கோடி வரைக்கும் ஓடினீங்க?"

"பயத்துல வழி மறந்துட்டேன்," என்றது மத்தளம்.

"அப்படியா?" என்றது கோமளி. புருஷன் சொன்ன பொய்களிலேயே இந்த ஒன்றைத்தான் அதற்குப் பிடித்திருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, அன்று மேடேறாமல் நின்று, வெள்ளம் அகழிக்கு அடித்துக்கொண்டு போன டமாரம் கொழுகொழுவென்று திரும்பி வந்தது. வந்ததும் சுவரில் ஏறி, "நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க!" என்று கத்தியது.

கார்த்திகை கழிந்து ஊரார் சுருங்கைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு மத்தளத்துக்கு யாரும் முதல் கடி கொடுக்கவில்லை. பட்டமும் போயிற்று. சிட்டிகை மட்டும் எது கிடைத்தாலும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு நாலு தெரு தூரம் நடந்து வந்து, அதன் மாடத்தில் வைத்துவிட்டுப் போனது.

மேடேறும் வழக்கமும் திரும்ப வந்துவிட்டது. இப்போது அதில் ஒரு மாற்றம். எறும்பு சுவர் ஏறியதும் கீழூர்க் குட்டிகளெல்லாம் மத்தளத்தின் மாடத்துக்கு முன்னால் வந்து கூடும்.

"மாமா, ஓடலையா மாமா?"

மத்தளம் வெளியே வரும். வயிற்றை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொள்ளும். "ஐயோ! அம்மா! தண்ணி!" என்று கீச்சுக் குரலில் அலறிக்கொண்டு, கீழ்க்கோடி வரைக்கும் ஓடி, ஒரு மாடம் விடாமல் எட்டிப் பார்த்து, கடைசி ஆளையும் கிளப்பிக்கொண்டு திரும்பி வரும். ஊரே சிரித்துக்கொண்டு அதன் பின்னால் மேடேறும்.

பொய் சொல்லி ஏறிய உயரத்திலிருந்து பேசி இறங்க முடியாது. நம்மை நம்பியவர்கள் பிழைக்க வேண்டுமானால், நாலு பேர் சிரிக்க உருண்டு விழுந்தாவது இறங்கிவிட வேண்டும்.